சபையின் எண்ணிக்கையும் விசுவாசிகளின் வளர்ச்சியும்: டெல்டா சபைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி போகும் சாலைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சபையில் இருபது வருடங்களாக மூப்பராக இருக்கிறேன். உறுப்பினர் பதிவேடு என் பொறுப்பு. வேதபாட வகுப்பு எடுக்கக் கும்பகோணம், திருவாரூர், மன்னார்குடி பக்கத்துச் சபைகளிலும் கூப்பிடுவார்கள். எங்கே போனாலும் வகுப்பு முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் இதே சந்தேகங்கள்தான் வரும். சிலர் இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புவார்கள். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, வேதத்திலிருந்தும் அனுபவத்திலிருந்தும் எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தருகிறேன்.

சபை வளர்ச்சின்னா ஆளுங்க கூடுறதுதானே? இதுல யோசிக்க என்ன இருக்கு?

ஆட்கள் கூடுவதும் வளர்ச்சிதான். அப்போஸ்தலர் 2:41ல் ஒரே நாளில் ஏறக்குறைய மூவாயிரம் பேர் சேர்ந்ததாக லூக்கா எழுதுகிறார். 4:4ல் அது ஐயாயிரம் ஆகிறது. எண்ணிக்கையைச் சொல்ல அவர் தயங்கவே இல்லை. ஆனால் மூவாயிரம் என்று எழுதிய கையோடு, அடுத்த வசனத்தில் அந்த மூவாயிரம் பேரும் என்ன செய்தார்கள் என்று சொல்லிவிடுகிறார்: "அவர்கள் அப்போஸ்தலருடைய உபதேசத்திலும், அந்நியோந்நியத்திலும், அப்பம் பிட்குதலிலும், ஜெபம்பண்ணுதலிலும் உறுதியாய்த் தரித்திருந்தார்கள்." சேர்ந்ததையும் தரித்திருந்ததையும் அவர் ஒரே மூச்சில் சொல்கிறார்.

மத்தேயு 28:19-20ல் இயேசு கொடுத்த கட்டளையும் அப்படித்தான் இருக்கிறது. சீஷராக்க வேண்டும், ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும், அவர் கட்டளையிட்ட யாவையும் கைக்கொள்ள உபதேசம்பண்ண வேண்டும். நம்மில் பலர் ஞானஸ்நானம் என்ற இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறோம். மீதிப் பாதிக் கட்டளை பீடத்தின் மேல் திறந்த வேதாகமத்திலேயே இருந்துவிடுகிறது.

எண்ணுறதே தப்புன்னு எங்க பாட்டி சொல்லுவாங்க. தாவீது ஜனங்களை எண்ணித்தானே தண்டனை வாங்கினார்?

2 சாமுவேல் 24ஐ முழுதாக வாசியுங்கள். யோவாப் கொண்டுவந்த கணக்கு என்ன? பட்டயம் உருவத்தக்க யுத்தவீரர் இஸ்ரவேலில் எட்டு லட்சம், யூதாவில் ஐந்து லட்சம். கிழவிகள், பிள்ளைகள், ஊனமுற்றவர்கள் யாரும் அந்தக் கணக்கில் இல்லை. தன் பலம் எவ்வளவு என்று பார்க்க அவர் எண்ணினார் என்றே நான் புரிந்துகொள்கிறேன். எண்ணவே கூடாது என்றால் யாத்திராகமம் 30ல் கர்த்தரே அதற்கு ஒழுங்கு சொல்லியிருக்க மாட்டார். எண்ணப்படுகிற ஒவ்வொருவனும் அரைச் சேக்கல் மீட்பின் காணிக்கை செலுத்த வேண்டும். ஐசுவரியவான் அதிகம் கொடுக்கக் கூடாது, தரித்திரன் குறைத்தும் கொடுக்கக் கூடாது. எண்ணப்படுகிறவர்கள் கர்த்தருக்குச் சொந்தம், அவர்களில் பெரியவன் சிறியவன் இல்லை என்று ஞாபகப்படுத்துகிற எண்ணிக்கை அது.

லூக்கா 15ல் வரும் மேய்ப்பனும் எண்ணினான். எண்ணாமல் இருந்திருந்தால் தொண்ணூற்றொன்பதுதான் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. எண்ணி முடித்தபின் காணாமல் போன ஒன்றைத் தேடிக் கிளம்பினான். நம் பதிவேடு நம்மைக் கிளப்புகிறதா என்று பார்த்தால் போதும். மூன்று ஞாயிறு வராத பெயருக்கு எதிரே ஒரு புள்ளி வைத்து, திங்கட்கிழமை அந்த வீட்டுக்குப் போகிற வழக்கம் இருந்தால் அது நல்ல பதிவேடு.

எங்க சபையில நாப்பது பேர்தான். பைபாஸ்ல புதுசா வந்த சபையில நானூறு பேர் இருக்காங்க. நாங்க தோத்துட்டோமா அண்ணே?

இல்லை தம்பி. முதலில் ஊர் நிலவரத்தைப் பாருங்கள். படித்த பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விடுகிறார்கள். வயல் வேலை குறைந்துவிட்டதால் கூலிக் குடும்பங்களும் வெளியே போகின்றன. கிராமத்துச் சபையில் வளர்ந்த பிள்ளை இன்று திருப்பூரில் ஒரு சபையில் ஞாயிறு பள்ளி நடத்தினால், அதில் உங்கள் நாற்றங்காலுக்கும் பங்கு உண்டு. நாற்றைப் பறித்து வேறு வயலில் நட்டதற்காக நாற்றங்கால் தோற்றது என்று யாரும் சொல்வதில்லை.

வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு சபைகளுக்குக் கடிதம் வருகிறது. "கொஞ்சம் பெலன்" உள்ள பிலதெல்பியா சபைக்குக் கண்டனமே இல்லை. நல்ல பெயர் எடுத்திருந்த சர்தைக்குத்தான், "நீ உயிருள்ளவனென்று பெயர்கொண்டிருந்தும் செத்தவனாயிருக்கிறாய்" என்று வருகிறது.

ஒன்று மட்டும் அன்போடு சொல்கிறேன். "நாங்கள் கிதியோனின் முந்நூறு பேர்" என்று சொல்லிக்கொண்டு, பத்து வருடமாகப் புதிதாக ஒரு வீட்டு வாசலையும் மிதிக்காத சபைகளையும் பார்த்திருக்கிறேன். கிதியோனின் முந்நூறு பேர் சிறு படையாக இருந்தும் நடு ராத்திரியில் எக்காளத்தோடு எதிரியின் பாளயத்தைச் சூழ்ந்து நின்றவர்கள் (நியாயாதிபதிகள் 7). சபை சிறிதாக இருப்பதில் தவறு எதுவும் இல்லை. சிறிதாகவே இருந்துவிட ஆசைப்படுவதைத்தான் நான் கவலையோடு பார்க்கிறேன்.

ஆளை எண்ணிடலாம். ஆவிக்குரிய வளர்ச்சியை எப்படி எண்ணுறது? அதுக்கு அளவுகோல் இருக்கா?

படி, மரக்கால் மாதிரி ஒரு அளவு இல்லை. ஆனால் அடையாளங்கள் இருக்கின்றன. முதலில் எது அடையாளம் ஆகாது என்று சொல்லிவிடுகிறேன். எத்தனை கூட்டத்துக்கு வருகிறார் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அமெரிக்காவில் சிகாகோ அருகே உள்ள வில்லோ கிரீக் என்ற பெரிய சபை தன் ஆட்களிடமே ஆய்வு நடத்தி 2007ல் அதை வெளியிட்டது. சபை நிகழ்ச்சிகளில் அதிகம் கலந்துகொள்வதால் மட்டும் தேவன்மேலும் பிறர்மேலும் அன்பு வளரவில்லை என்று அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கானோர் கூடும் சபை அப்படிச் சொல்ல மனத்தாழ்மை வேண்டும். தொடர்ந்து செய்த ஆய்வுகளில், தனியாக உட்கார்ந்து வேதத்தை வாசித்துச் சிந்திக்கிற பழக்கமே வளர்ச்சிக்கு அதிகம் உதவியது என்று கண்டார்கள்.

நம் ஊரில் நான் பார்க்கும் அடையாளங்கள் எல்லாம் வயலிலும் வீட்டிலும் இருப்பவை. வரப்புத் தகராறில் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி பேசினார்களா? நடவு ஆட்களுக்குக் கூலியை அன்று சாயங்காலமே கொடுக்கிறாரா, "அறுப்புக்குப் பார்க்கலாம்" என்று இழுக்கிறாரா? டாஸ்மாக் பக்கம் போய்க்கொண்டிருந்தவர் சம்பளக் கவரை வீட்டில் பிரிக்கிறாரா? மருமகளை நடத்தும் விதம் மாறியதா? போதகர் ஊரில் இல்லாத வாரத்தில் அந்த வீட்டில் ஜெபம் நடக்கிறதா? கலாத்தியர் 5:22-23ல் வரும் ஆவியின் கனி ஒன்பதையும் பாருங்கள். அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை என்று போகிற அந்த வரிசையில் பெரும்பாலானவற்றைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் நம்மைவிட நன்றாகச் சொல்வார்.

இந்த அடையாளங்களை மார்க் ஷீட் ஆக்கிவிடாதீர்கள். ஒரு சபையில் உறுப்பினர்களுக்கு நட்சத்திரம் போட்டு அட்டவணை ஒட்டினார்கள். இரண்டே மாதத்தில் ஜெபம்கூடப் போட்டியானது. ஒருவரைச் சந்திக்கப் போகும்போது நம் மனதில் இருக்க வேண்டிய கேள்விகள் இவை. காகிதத்தில் எழுதி ஒட்டுவதற்கு இல்லை.

ஒரே வருஷத்துல நிறைய பேர் வந்தா சந்தோஷம்தானே? ஏன் அதுலயும் பயப்படுறீங்க?

சந்தோஷம்தான். என் பயம் வருகிறவர்களைப் பற்றியது இல்லை, அவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்பதைப் பற்றியது. விவசாயிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. குத்துக்குத்தாக நெருக்கி நட்டால் முதல் பத்து நாள் வயல் நிறைந்து அழகாக இருக்கும். அப்புறம் வெயிலும் காற்றும் போகாது, தூர் கட்டாது. ஒற்றை நாற்று நடவில் பதினான்கு நாள் நாற்றை 25 செ.மீ. இடைவெளியில் வைக்கச் சொன்னபோது, வயல் வெறிச்சோடிக் கிடக்கிறது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஒரு மாதம் கழித்துத் தூர் வெடித்ததைப் பார்த்தபோதுதான் நம்பினார்கள். யூரியாவை அள்ளிப் போட்ட பயிரும் அப்படித்தான். கருகருவென்று நிற்கும். புகையான் பூச்சி வந்து உட்காரும், ஐப்பசி மழைக்குச் சாய்ந்துவிடும்.

எருசலேம் சபைக்கும் இது நடந்தது. அப்போஸ்தலர் 6:1ல், சீஷர்கள் பெருகினபோதுதான் கிரேக்க மொழி பேசின விதவைகள் அன்றாட விசாரணையில் (தினசரி உதவிப் பங்கீட்டில்) கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு வந்தது. அப்போஸ்தலர்கள் ஆள் சேருவதை நிறுத்தவில்லை, விதவைகளைப் பொறுத்துக்கொள்ளவும் சொல்லவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுத்துப் பொறுப்பைக் கொடுத்தார்கள். 6:7ல் மறுபடியும் சீஷருடைய தொகை மிகவும் பெருகிற்று. மோசேக்கு அவர் மாமனார் எத்திரோ சொன்ன யோசனையும் இதுதான்: ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு ஒரு தலைவர் (யாத்திராகமம் 18).

ஒரு மூப்பரோ ஒரு அக்காவோ வேலைக்கும் போய்க்கொண்டு உண்மையாகக் கவனிக்க முடிவது எட்டு, பத்துக் குடும்பங்களைத்தான் என்பது என் அனுபவம். கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் என்று தெருவாரியாகக் குடும்பங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அதில் நமக்குக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

அப்ப கன்வென்ஷன், பாட்டு, பெரிய ஸ்பீக்கர் எல்லாம் வேண்டாம்கிறீங்களா?

வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று நாள் கூட்டத்தில் மனம் திரும்பினவர்களில் நானும் ஒருவன். பந்தலுக்கும் மைக்செட்டுக்கும் ஆகிற செலவைத் திட்டமிடும்போதே, நான்காம் நாள் காலையில் யார் யார் எந்தத் தெருவுக்குப் போவது என்றும் எழுதிவிடுங்கள். பெயர் எழுதிக் கொடுத்த சீட்டுகள் ஆறு மாதம் காணிக்கைப் பெட்டியின் அடியில் கிடந்ததை ஒரு சபையில் பார்த்தேன். அந்தச் சீட்டுகளை எடுத்து விரித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்றில் "என் மகனுக்காக ஜெபிக்கவும்" என்று எழுதியிருந்தது.

பக்கத்து சபையிலேர்ந்து ஆளுங்க எங்க சபைக்கு வர்றாங்க. அதை வளர்ச்சின்னு எழுதலாமா?

புது ஆத்துமாக்கள் என்று எழுதாதீர்கள், இடம் மாறி வந்தவர்கள் என்று தனியாக எழுதுங்கள். அப்படி ஒருவர் வந்தால் நாங்கள் முதலில் அவருடைய பழைய போதகருக்குப் போன் செய்கிறோம். சண்டை போட்டுக்கொண்டு வந்திருந்தால், போய்ச் சமாதானமாகிவிட்டு வரச் சொல்கிறோம். இரண்டு குடும்பம் அப்படிப் போய், அங்கேயே இருந்துவிட்டது. எங்களுக்கு அதில் சந்தோஷமே. இடைவிடாமல் துன்பப்படுத்தப்பட்டு வருகிறவர்கள் விஷயம் வேறு. அவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது.

கஜா புயல் நேரத்துல நிவாரணம் குடுத்தோம். அப்புறம் நெறைய பேர் ஆராதனைக்கு வந்தாங்க. இப்ப ஒருத்தரும் இல்ல. எங்க தப்பு பண்ணோம்?

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் அந்தப் புயல் கரையைக் கடந்தபோது ஒரு தலைமுறை வளர்த்த தென்னை சாய்ந்தது. அன்று அரிசியும் தார்ப்பாயும் கொண்டுபோனது நல்ல சமாரியன் செய்த வேலை. அதில் தப்பே இல்லை. குற்றுயிராய்க் கிடந்தவனிடம் அந்தச் சமாரியன், "என்னோடு ஆராதனைக்கு வருவாயா" என்று கேட்கவில்லை. தார்ப்பாய் வாங்கினவர் நன்றிக்காக இரண்டு ஞாயிறு வந்து உட்கார்ந்தார். நாம் அதை எழுப்புதல் என்று அறிக்கையில் எழுதிவிட்டோம். தப்பு அங்கேதான் நடந்தது.

இயேசுவுக்கே இது நடந்தது. அப்பம் சாப்பிட்டுத் திருப்தியானதால் என்னைத் தேடுகிறீர்கள் என்று யோவான் 6:26ல் அவர் நேராகச் சொல்கிறார். அதற்காக அப்பம் கொடுத்ததைப் பற்றி அவர் வருத்தப்படவில்லை. அடுத்த புயலுக்கும் கொடுங்கள். யாருடைய பெயரையும் எழுதி வாங்காமல், சபைப் பேனர் இல்லாமல், எந்தத் தெரு என்று பார்க்காமல் கொடுங்கள். கோவிலுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர் என்று கணக்குப் பார்க்காத உதவிதான் நாகப்பட்டினம் கடற்கரையில் 2004 சுனாமிக்குப் பிறகும் மக்கள் மனதில் நின்றது.

ஞானஸ்நானம் எடுத்தா சாதிச் சான்றிதழ்ல சலுகை போயிடும்னு பத்து வருஷமா வர்றவங்க சிலர் எடுக்க மாட்டேங்கிறாங்க. அவங்களைக் கணக்குல சேக்கலாமா? வற்புறுத்தலாமா?

சட்டத்தை முதலில் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி அந்தஸ்து முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956ல் சீக்கியருக்கும் 1990ல் பௌத்தருக்கும் நீட்டித்தார்கள். கிறிஸ்தவர்களுக்கு நீட்டிக்கவில்லை. தமிழ்நாட்டில், மதம் மாறிய பட்டியல் சாதியினர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். இது அந்தக் குடும்பத்தில் பிள்ளையின் கல்லூரி இடத்தையும் அரசு வேலையையும் தொடுகிற விஷயம். அந்தச் சுமையை அறியாத நாம் வசதியாக உட்கார்ந்து "விசுவாசம் போதாது" என்று பேசுவது கொடுமை.

வற்புறுத்தக் கூடாது. நம் ஆண்டறிக்கைக்கு ஒரு எண் வேண்டும் என்பதற்காக ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரத்தை இழுக்க நமக்கு உரிமை இல்லை. மறைத்துச் செய்துகொள்ளலாம் என்று யோசனை சொல்வதும் கூடாது. ஞானஸ்நானம் எடுத்துவிட்டு அரசு ஆவணத்தில் வேறு சொல்லச் சொன்னால், அவர்களுடைய முதல் அடியையே பொய்யில் வைக்கச் சொன்னதாகிவிடும். சட்டம் இதுதான், இழப்பு இதுதான், கிறிஸ்து கேட்பது இதுதான் என்று மூன்றையும் சொல்லிவிட்டு அவர்கள் தீர்மானத்துக்கு விடுங்கள். ஆராதனை, வேதபாடம், வீட்டு ஜெபம் எல்லாவற்றிலும் அவர்களுக்கு முழு இடம் கொடுங்கள். உறுப்பினர் பட்டியலில் ஒழுங்குப்படி அவர்கள் இல்லாமல் இருக்கலாம். சந்திக்க வேண்டிய வீடுகளின் பட்டியலில் அவர்கள் பெயர் முதலில் இருக்கட்டும். மேலே சொன்ன அடையாளங்களில், எங்கள் சபையில் பலரைவிட முன்னே நிற்கிறவர் இப்படிப்பட்ட ஒரு அம்மாதான்.

ஒரே தெரு ஆளுங்களா இருந்தா சபை வேகமா வளருது. கலந்து வச்சா பெரிய குடும்பங்க போயிடுது. எண்ணிக்கைக்காக அப்படியே விட்டுடலாமா?

எனக்கு வந்த கேள்விகளிலேயே கனமானது இதுதான். கேட்டவர் நல்ல மனதோடு, வேதனையோடு கேட்டார். 1897ல் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் தாமோவில் பிறந்து, இந்தியாவில் பல வருடம் மிஷனரியாக இருந்த டொனால்ட் மக்கவ்ரன் இதை ஒரு கொள்கையாகவே சொன்னார்: மனிதர்கள் தங்கள் இனம், மொழி, வர்க்கம் என்ற கோட்டைத் தாண்டாமல் கிறிஸ்தவர்களாக விரும்புகிறார்கள். அவர் கண்ணால் பார்த்ததைச் சொன்னார், அது பெரும்பாலும் உண்மைதான். சுவிசேஷம் சொந்தக்காரர்கள் வழியாக, தெரு வழியாகப் பரவுகிறது. அப்படிப் பரவட்டும். ஆனால் வந்த வழி அது என்பதற்காக அங்கேயே குடியிருக்க முடியாது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகினபோது, பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரை எதிர்த்தார் (கலாத்தியர் 2). ஒரு பந்தியில் உட்காருவதைச் சுவிசேஷத்தின் சத்தியத்தோடு சேர்த்தே பவுல் பார்த்தார்.

நம் மண்ணிலேயே இந்தக் கதை இருக்கிறது. இங்கே பழைய சபைகளில் ஒரே கூரையின் கீழ் சாதி வாரியாகத் தனித்தனி இடத்தில் உட்கார்ந்தார்கள். தஞ்சாவூரின் மாபெரும் பாடலாசிரியர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) எழுதிய பாடல்களை இன்றும் கண்ணீரோடு பாடுகிறோம். அவரும்கூட, சாதி ஆசாரத்தை விடச் சொன்ன மிஷனரிகளை எதிர்த்து எழுதினார். அவ்வளவு நல்ல மனிதரையும் பிடித்து வைத்திருந்தது அது. 1833ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். சாதி வேறுபாட்டை உடனே, முழுமையாக விட்டுவிட வேண்டும் என்று அதில் இருந்தது. தஞ்சாவூரிலும் மற்ற இடங்களிலும் பலர் சபையை விட்டே போனார்கள். அந்த வருட எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அது பெரும் தோல்வி. ஆனால் அவர் மௌனமாக இருந்திருந்தால் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் சபையில் எதை நம்பி வளர்ந்திருப்பார்கள்?

அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். கூடாது. போகிறவர்களை அவமானப்படுத்தாமல், வீடு தேடிப் போய்ப் பேசுங்கள், பொறுமையாக இருங்கள். திருவிருந்துக் கிண்ணத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எங்கள் சபையில் அறுப்புப் பண்டிகைச் சாப்பாட்டை எந்தத் தெரு ஆட்கள் சமைப்பது என்று ஒரு முறை பேச்சு வந்தது. எல்லாத் தெருவிலிருந்தும் இரண்டு இரண்டு பேர் ஒரே அண்டாவில் சமைப்பது என்று முடிவானது. ஏழு குடும்பம் அன்றைக்கு வரவில்லை. மறு வருடம் நான்கு குடும்பம் வந்தது. மற்ற மூன்று வீட்டுக்கும் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம்.

போதகர் நாலு ஊர் பாக்குறார். இத்தனை பேரையும் யார் வளக்குறது?

மேலே எட்டு, பத்துக் குடும்பத்துக்கு ஒருவர் என்று சொன்னேன். அந்த ஒருவரை உருவாக்குவதுதான் நீண்ட வேலை. 1706 ஜூலை 9 அன்று ஜெர்மன் மிஷனரிகளான சீகன்பால்குவும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். சீகன்பால்கு மணலில் எழுதிப் படிக்கிற பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் கற்றார். பள்ளிக்கூடம் வைத்தார்கள், அச்சகம் வைத்தார்கள், 1715ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் வந்தது. 1719ல் 36 வயதில் அவர் இறந்துபோனார். நம் மண்ணில் பிறந்தவர்களில் முதல் புராட்டஸ்டண்ட் போதகராக ஆரோன் அபிஷேகம் பெற்றது 1733ல். இறங்கிய நாளிலிருந்து 27 வருடம். ஒரு போதகர் உருவாக அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது, நட்டவர் அதைப் பார்க்கவும் இல்லை.

2 தீமோத்தேயு 2:2ல் பவுல் நான்கு தலைமுறையைச் சொல்கிறார்: பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், அவர்கள் போதிக்கும் மற்றவர்கள். உங்கள் சபையில் அந்த உண்மையுள்ள மனுஷர் அநேகமாக ஒரு பெண்ணாக இருப்பார். நடவு ஆட்களை விடியற்காலையில் எழுப்பிக் கூட்டிப்போய், யாருக்கு உடம்பு முடியவில்லை, யார் சாப்பிடவில்லை என்று பார்த்துக்கொள்கிற அக்காவை நான் பல ஊரில் பார்த்திருக்கிறேன். மேய்ப்பு வேலை அவருக்கு ஏற்கெனவே தெரியும். வேதத்தை விளக்கச் சொல்லிக் கொடுப்பது மட்டும்தான் பாக்கி.

மேலிடத்துல வருஷா வருஷம் எண்ணிக்கை மட்டும்தான் கேக்குறாங்க. குறைஞ்சா கேள்வி வருது. என்ன எழுதுறது?

உள்ளதை எழுதுங்கள். வெளியூர் போய்ப் பத்து வருடம் ஆனவர்களின் பெயரைப் பட்டியலில் வைத்துக்கொண்டு எண்ணிக்கையைத் தாங்கிப் பிடிக்காதீர்கள். அவர்களுக்குப் போன் செய்து, இருக்கும் ஊரில் எந்தச் சபைக்குப் போகிறார்கள் என்று கேட்டு, மாற்றுக் கடிதம் கொடுங்கள். யூடியூபில் நம் ஆராதனையைப் பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன். பாருங்கள் கண்ணு, ஆனால் உங்களுக்கு ஜுரம் வந்தால் கஞ்சி கொண்டுவரக்கூடிய தூரத்தில் ஒரு சபை வேண்டும்.

அறிக்கையோடு ஒரு தாளைச் சேர்த்து அனுப்ப யாரும் தடை சொல்வதில்லை. போன வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள், புதிதாக ஜெபம் நடத்தக் கற்றுக்கொண்டவர்கள் எத்தனை பேர், ஒரு முறைகூடச் சந்திக்காத வீடுகள் எத்தனை என்று நாங்கள் எழுதினோம். கடைசி எண்ணை எழுத வெட்கமாக இருந்தது. மூன்றாம் வருடம் மேலிடத்திலிருந்து வந்த ஒருவர் அந்தத் தாளை வைத்துத்தான் பேசினார்.

சபையிலேயே அதிகமா காணிக்கை குடுக்குறவர் வட்டித் தொழில்ல ஜனங்களை நெருக்குறார். கண்டிச்சா குடும்பமா போயிடுவார். விட்டுட்டா?

அவரிடம் கடன் வாங்கின விதவை அதே சபையில் பின் வரிசையில் உட்கார்ந்திருப்பார். நாம் பேசாமல் இருப்பதை அவர் ஒவ்வொரு ஞாயிறும் பார்க்கிறார். மத்தேயு 18:15ல் சொன்னபடி முதலில் ஒருவர் தனியாகப் போங்கள். மேடையிலிருந்து ஜாடை பேசாதீர்கள். அவரும் இரட்சிக்கப்பட வேண்டிய ஆத்துமாதான், அநியாயமாய் வாங்கினதைச் சகேயு நாலத்தனையாகத் (நான்கு மடங்காக) திரும்பக் கொடுத்ததை (லூக்கா 19) அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். கேட்கவில்லை என்றால் இரண்டு மூன்று பேராகப் போங்கள்.

அவர் போனாலும் போகட்டும் என்று நான் லேசாகச் சொல்லவில்லை. கட்டடக் கடன் பாதியில் நிற்கும், போதகர் சம்பளம் தள்ளிப்போகும், தெரியும். யோவான் 6:66ல் அநேகர் பின்வாங்கிப்போனபோது இயேசு வசனத்தை மாற்றவில்லை, பன்னிருவரிடமும் நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களோ என்றுதான் கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரு சபையில் அப்படிப்பட்டவர் கோபித்துக்கொண்டு போனார். ஒன்றரை வருடம் சுவர் பூசாமல் நின்றது. ஒரு நாள் அவரே வந்து, இரண்டு பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். இன்னொரு சபையில் போனவர் திரும்பவே இல்லை. இரண்டு சபையும் சரியானதைத்தான் செய்தன என்று நான் நம்புகிறேன்.

பன்னெண்டு வருஷமா உழைக்கிறோம். ஆளும் கூடல, இருக்கிறவங்களும் மாறின மாதிரி தெரியல. எங்கேர்ந்து தொடங்குறது?

"நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்" (1 கொரிந்தியர் 3:6). மேட்டூரில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்பது நம் கையில் இல்லை. ஜூன் 12 என்று நாள் குறித்திருந்தாலும் தள்ளிப்போன வருடங்கள் உண்டு. ஆனால் அதற்கு முன்பே வாய்க்காலைத் தூர்வாரி வைக்காதவனுக்குத் தண்ணீர் வந்தும் கடைமடைக்கு ஏறாது.

இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் பதிவேட்டை எடுத்துக்கொண்டு இரண்டு மூப்பர்கள் உட்காருங்கள். ஒவ்வொரு பெயராக வாசித்து, அந்த முகத்தை நினைத்து, பெயர் சொல்லி ஜெபியுங்கள். எந்தப் பெயரை வாசிக்கும்போது முகம் ஞாபகம் வரவில்லையோ, அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முதலில் அந்த வீட்டுக்குப் போங்கள்.